பெயின்ட் அடிப்பதற்கு முன் அளவுத்தாளைக் கேளுங்கள்

விபத்தில் அடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறோம். எப்போது கிடைக்கும், எவ்வளவு ஆகும். முதலில் கேட்க வேண்டியது இன்னொன்று: "பாடியை அளவெடுத்தீர்களா? அந்தத் தாளைக் காட்டுங்கள்." பம்பரும் ஹெட்லைட்டும் பானெட்டும் கழற்றி மாட்டுகிற சாமான்கள். அவற்றில் வேலை சரியில்லை என்றால் கண்ணில் படும், திரும்பப் போய்ச் சண்டை போடலாம். உள்ளே இருக்கும் சட்டங்களில் வேலை சரியில்லை என்றால் பட்டியும் பெயின்ட்டும் அதை மூடிவிடும். அடுத்த மோதல் வரை அது வெளியே வராது.

உங்கள் வண்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா போன்றவை லேடர் ஃபிரேம் வண்டிகள். லாரிக்கு இருப்பதுபோல அடியில் இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே கிராஸ் மெம்பர்கள், அவற்றின் மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. ஸ்விஃப்ட், ஐ20, க்ரெட்டா, எக்ஸ்யூவி700 எல்லாம் மோனோகாக். இன்னோவா என்ற பெயரோடு வந்தாலும் ஹைகிராஸும் மோனோகாக்தான். இவற்றில் தனிச் சட்டம் கிடையாது. தரை, ஏப்ரான் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு), தூண்கள், கூரை என்று எல்லாத் தகடுகளையும் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் ஒரே கூடாகச் சேர்த்திருப்பார்கள். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கினால் எளிதாக முறுகும், உறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் எதிர்த்து நிற்கும். மோனோகாக்கின் பலமும் அப்படித்தான், மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று மூடிச் சேர்ந்திருப்பதால் வருவது. அதனால்தான் ஓரிடத்தில் பட்ட அடி வேறிடத்திலும் தெரிகிறது.

அடி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். முன்பக்கம் மோதிய வண்டி என்றால் நொறுங்கிய முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கதவருகே போங்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கிறதா? கதவைத் திறந்து மெல்ல மூடுங்கள். லாக்கில் போய் உட்காரும் கடைசி நொடியில் கதவு சற்றே மேலேறியோ கீழிறங்கியோ உட்கார்ந்தால் தூண் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கூரையில் நடுத்தூணுக்கு மேலே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சுருக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். பானெட்டைத் தூக்கி, ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காரும் இடத்தைச் சுற்றிலும் தகடுகள் சேரும் ஓரங்களைப் பாருங்கள். அங்கே பூசியிருக்கும் சீலன்ட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ, வெல்டு புள்ளியைச் சுற்றி பெயின்ட் செதிலாக உரிந்திருந்தாலோ, அந்தத் தகடு அசைந்து நின்றிருக்கிறது. எதுவும் படாமலேயே முன்கண்ணாடி மூலையிலிருந்து விரிந்திருந்தால் அதுவும் இதே கதைதான். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அது உட்காரும் பள்ளத்தையும் ஒருமுறை பாருங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டியில் முதலில் சுருங்குவது அந்தத் தரைதான்.

ஒரு டேப் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். (பழைய பிரெஞ்சுக் கார் ரெனோ 4-இல் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே சில சென்டிமீட்டர் வித்தியாசம் வைத்திருந்தார்கள். இன்று நம் தெருவில் ஓடுவதில் அப்படி எதுவும் இல்லை.) எஞ்சின் அறையில் வலது பின்மூலை போல்ட்டிலிருந்து இடது முன்மூலை ஓட்டைக்கும், இடது பின்மூலையிலிருந்து வலது முன்மூலைக்கும் குறுக்காக அளந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அரை அங்குலம் தள்ளி வந்தால் முன்பக்கம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. ஆனால் டேப் அளவு உங்களுக்குச் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. உயரத்தில் ஏற்பட்ட வித்தியாசமும் முறுக்கும் அதில் தெரியாது.

தீர்ப்பு வேண்டுமென்றால் வண்டியைப் பெஞ்சில் ஏற்ற வேண்டும். சுவீடனின் கார்-ஓ-லைனர், பிரான்ஸின் செலெட் போன்ற நிறுவனங்களின் பெஞ்சுகள் பெரிய பாடி ஷாப்களில் இருக்கின்றன. வண்டியின் கீழ்விளிம்பை நான்கு இடத்தில் கிளாம்ப் போட்டுக் கவ்வி, அடியில் கம்பெனி குறித்திருக்கும் ஓட்டைகளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எடுத்து, அந்த மாடலுக்கான அசல் அளவோடு ஒப்பிடுவார்கள். பொதுவாக எந்தப் புள்ளியும் 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. வேலைக்கு முன் ஒரு தாள், வேலை முடிந்தபின் ஒரு தாள். இரண்டிலும் வண்டி எண் இருக்க வேண்டும். பெஞ்ச் இல்லாத ஷாப் என்றால் பம்பர், ஃபென்டர், கதவு வேலைக்குக் கொடுங்கள். சட்டம் அடிவாங்கியிருந்தால் அங்கே கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி, 3 மில்லிமீட்டரைக் கண்ணால் யாரும் பார்க்க முடியாது.

"ஒரே இழுவையில நிமிர்ந்துடும் சார்" என்பது நம் ஊர் டிங்கரிங் ஷெட்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. புளியமரத்திலோ தரையில் புதைத்த ரயில் தண்டவாளத்திலோ சங்கிலியைக் கட்டி, மறுமுனையை வண்டியில் மாட்டி இழுப்பார்கள். வண்டி நிமிரத்தான் செய்யும். ஆனால் எங்கே பலம் குறைவோ அங்கே முதலில் நிமிரும், எங்கே வளைந்ததோ அங்கே அல்ல. அடிபட்ட இடம் அப்படியே இருக்க, அடிபடாத இடம் நீண்டுபோகும். முறையான இழுவையில் மோதலைப் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். மோதலில் கடைசியாக நகர்ந்த இடத்தை முதலில் சரிசெய்து, முதலில் நசுங்கிய முன்முனைக்குக் கடைசியில் வருவார்கள். பத்து டன் வரை இழுக்கும் டவர் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுப்பார்கள். இழுத்து நிறுத்தி, மடிப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தகட்டின் இறுக்கத்தை விடுவித்து, சங்கிலியைத் தளர்த்தி, எவ்வளவு திரும்பிப் போகிறது என்று அளந்து, மறுபடி இழுப்பார்கள். அதனால்தான் நேரம் பிடிக்கிறது. இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரைவிட, "பெஞ்சிலேயே மூணு நாள் நிக்கும்" என்பவரை நம்பலாம்.

இழுத்து நிமிர்த்துவதா, வெட்டி மாற்றுவதா? அமெரிக்காவின் ஐ-கார் பயிற்சி அமைப்பு வெகுகாலமாகச் சொல்லித்தரும் விதி சுருக்கமானது: வளைந்தால் நிமிர்த்து, மடிந்தால் மாற்று. நீண்ட தூரத்துக்கு மெல்ல வளைந்த சட்டத்தை இழுக்கலாம். குறுகிய இடத்தில் கூராக மடிந்து, நிமிர்த்தினாலும் கோடு போகாத சட்டம் மறுபடி அதே இடத்தில்தான் மடியும். ஏப்ரான் முனையில் இருக்கும் சின்ன நசுங்கு பெட்டியை நிமிர்த்தப் பார்ப்பது வீண்வேலை. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடட்டும்.

இதில் தகட்டின் வகையும் சேர்கிறது. அம்பாசடர் 2014 வரை தயாரிப்பில் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகள் தடித்த சாதாரண எஃகு. கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தினாலும் பெரிய மோசம் வராது. அந்த அனுபவத்தில் பழகிய கைகள் இன்றைய கார்களிலும் அதே தீயைக் காட்டுகின்றன. இப்போது வரும் கார்களின் நடுத்தூண், முன்தூண், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புச் சட்டம் போன்ற இடங்களில் போரான் எஃகு இருக்கலாம். 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைப்பதால் அது 1,500 மெகாபாஸ்கல் அளவு இழுவலிமை பெறுகிறது. சாதாரணத் தகட்டைப்போலப் பல மடங்கு. அதன்மேல் மறுபடி தீயைக் காட்டினால் அந்தக் குணமே போய்விடும், பார்வைக்கு மட்டும் அதே தூணாக நிற்கும். குளிராக இழுத்தால் விரிசல் விடும். ஆகவே போரான் எஃகுத் தூண் வளைந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி. எந்தச் சட்டம் எந்த எஃகு, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பதெல்லாம் கம்பெனியின் பாடி ரிப்பேர் மேனுவலில் இருக்கும். "மேனுவல் பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

வெல்டிங் விஷயத்தில் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஒரு வழக்கை எல்லா ஒர்க்‌ஷாப்காரர்களும் படிக்க வேண்டும். 2010 மாடல் ஹோண்டா ஃபிட், நம் ஊரில் ஜாஸ் என்று விற்ற அதே கார். ஆலங்கட்டி மழையில் கூரை சேதமாகி, ஒரு பாடி ஷாப்பில் கூரையை மாற்றினார்கள். கம்பெனி மேனுவல் வெல்டு செய்யச் சொன்ன இடத்தில் பசையால் ஒட்டினார்கள். பிறகு அந்த வண்டி கைமாறியது. வாங்கிய தம்பதிக்கு இது தெரியாது. 2013 டிசம்பரில் நடந்த மோதலில் கூரை பிரிந்து, கூடு நொறுங்கி, வண்டி தீப்பிடித்து இருவரும் கடுமையாகக் காயமடைந்தார்கள். 2017இல் ஜூரி அந்த ஷாப்பின் பங்காக விதித்த இழப்பீடு சுமார் 3.15 கோடி டாலர். பசை பலமாக இருந்ததா இல்லையா என்பதல்ல அங்கே கேள்வி. மேனுவல் சொன்னதைச் செய்தார்களா என்பதுதான்.

நம் ஊரில் பசையைவிட அதிகம் நடப்பது கேஸ் வெல்டிங். அதன் சூடு அகலமாகப் பரவி, வெல்டுக்குப் பக்கத்துத் தகட்டையும் மென்மையாக்கிவிடும். ஸ்பாட் வெல்டு போட முடிந்த இடத்தில் ஸ்பாட், முடியாத இடத்தில் ஓட்டை போட்டு நிரப்பும் மிக் வெல்டு. வேலை தெரிந்த வெல்டர், வண்டியில் கை வைக்கும் முன் அதே கனமுள்ள இரண்டு துண்டுத் தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்து, வைஸில் கவ்வி உளியால் பிரித்துப் பார்ப்பார். வெல்டு புள்ளி பிடுங்கிக்கொண்டு தகட்டில் ஓட்டை விழுந்தால் வெல்டு சரி. புள்ளி இரண்டாகப் பிரிந்து தகடு முழுசாக நின்றால் மிஷின் செட்டிங் தப்பு. இந்தச் சோதனையைச் செய்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கொடுக்கலாம்.

வெல்டு செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். வெளிப்பக்கம் பிரைமர் அடித்துவிடுவார்கள். பெட்டிச் சட்டத்தின் உள்பக்கம்? சென்னை, கடலூர், தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற உப்புக்காற்று ஊர்களில் சில மழைக்காலம் போனதும் உள்ளிருந்து துரு தின்ன ஆரம்பிக்கும். நீண்ட மூக்குள்ள குழாயால் உள்ளே மெழுகு அடிக்கிறார்களா என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் அது ஒரு சிறு வரிதான். அந்த வரி இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வாக்கியத்தைக் கேட்டாலும் உஷாராகுங்கள்: "எக்ஸ்ட்ரா பிளேட் வெச்சு ஸ்ட்ராங்கா பண்ணிட்டேன் சார்." முன்சட்டங்கள் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் இருக்கும் பள்ளங்களும் மடிப்புகளும் எங்கே, எந்த வரிசையில் மடிய வேண்டும் என்பதற்காக அச்சிலேயே போட்டவை. இந்தியாவில் விற்கும் கார்கள் 56 கிலோமீட்டர் வேக முன்மோதல் சோதனையைக் கடக்க வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பில் அது 64. முன்சட்டங்கள் மடியும் வேகத்தை வைத்துத்தான் ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்பது முடிவாகிறது. அங்கே ஒரு பிளேட்டைப் பற்றவைத்தால் சட்டம் மடியாது. மடியாத சட்டத்தின் அதிர்ச்சியை உள்ளே இருப்பவர்களின் நெஞ்சும் கழுத்தும் வாங்கிக்கொள்ளும்.

லேடர் ஃபிரேம் வண்டிகளுக்கு வேலை சற்று நேரடியானது. பாடியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம், முழு ஃபிரேமையே மாற்றவும் முடியும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். மின்சாரக் கார் என்றால், தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியைக் கம்பெனி ஆள் சோதித்து, உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்த பிறகுதான் யாரும் வெல்டிங் பக்கமே போக வேண்டும். எந்தக் காரிலும் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். ஏர்பேக் விரிந்திருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும், வெடித்து இறுக்கிய சீட் பெல்ட்டுகளையும் மேனுவல் சொல்கிறபடி மாற்ற வேண்டும். முன்கண்ணாடியில் கேமராவும் பம்பருக்குப் பின்னால் ரேடாரும் உள்ள கார்களுக்கு, பாடி வேலை முடிந்ததும் அவற்றை மறுபடி அளவு வைக்க வேண்டும்.

இனி இன்ஷூரன்ஸ். மோதிய வண்டியை ஷாப்பில் கழற்றுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போய்விட வேண்டும். சேதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். சர்வேயர் முதல்நாள் பார்க்கும்போது வண்டி மூடியிருக்கும். அதனால் வெளியே தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டுப் போவார். சட்டத்தில் சேதம் இருப்பது பம்பரும் ஃபென்டரும் கழன்ற பிறகுதான் தெரியும். அப்போது வேலையை நிறுத்தி, படம் எடுத்து, கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி வரவழைக்கச் சொல்லுங்கள். முதல் எஸ்டிமேட் பணத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் மாற்ற வேண்டிய சட்டத்தை இழுத்து ஒப்பேற்றுகிறார்கள். பெஞ்சில் அளவெடுக்கும் கட்டணத்தையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். கேஷ்லெஸ் என்பதற்காகக் கம்பெனி சொன்ன ஷாப்பிலேயே விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெஞ்ச் இருக்கும் ஷாப்பில் விட்டுவிட்டுப் பணத்தைப் பிறகு திரும்பப் பெறலாம்.

தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காதவர்களுக்குக் கையிலிருந்து போகும் தொகை இங்கேதான் கூடும். உலோக பாகங்களுக்கு ஆறு மாதம் வரை தேய்மானம் கிடையாது. இரண்டிலிருந்து மூன்று வருட வண்டிக்கு 15 சதவீதம், ஐந்தைத் தாண்டினால் 40, பத்தைத் தாண்டினால் 50. பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் போன்றவற்றுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். முன்தூண், டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள சுவர், தரை மூன்றும் நகர்ந்துவிட்ட ஏழெட்டு வருட வண்டிக்கு டோட்டல் லாஸ் கிடைக்கிறதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். "ராசியான வண்டி" என்று வைத்துக்கொண்டு, செலவை 74 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்லி ஷாப்காரரை நெருக்குவது உங்கள் குடும்பத்தை வைத்து விளையாடும் விளையாட்டு.

வண்டி தயாரானதும், பெயின்ட் பளபளப்பை ரசிப்பதற்கு முன் வீல் அலைன்மென்ட் தாளைப் பாருங்கள். சக்கரக் கோணங்களில் டோ மட்டும் பச்சையாக இருந்தால் போதாது. கேம்பரும் காஸ்டரும் இடது வலது ஒத்திருக்க வேண்டும். பல கார்களில் இந்த இரண்டையும் திருகித் திருத்தவே வழி இல்லை. ஆகவே அவை ஒத்துவராவிட்டால் சஸ்பென்ஷன் பாகம் ஏதோ வளைந்திருக்கிறது, இல்லாவிட்டால் அது உட்காரும் இடம் இன்னும் நகர்ந்தே இருக்கிறது. போல்ட் ஓட்டையை அரம் வைத்து அகலப்படுத்தி அளவைக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பிறகு ஈர மண் கிடக்கும் ஓர் இடத்தில் வண்டியை நேராக ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தை விட்டு ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால், வண்டி நண்டு நடை நடக்கிறது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அளவுத்தாள்கள் இரண்டு, பெயின்டுக்கு முன் எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் பில், அலைன்மென்ட் தாள். இவற்றை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளை வண்டியை விற்கும்போது விபத்தை மறைக்கத் தேவையில்லை, ஒழுங்காகச் சரிசெய்ததற்குச் சாட்சி கையில் இருக்கும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டோட்டல் லாஸ் வண்டியின் முன்பாதியையும் வேறொரு வண்டியின் பின்பாதியையும் சேர்த்து ஒட்டி விற்பவர்கள் உண்டு. திருட்டு வண்டியில் டோட்டல் லாஸ் வண்டியின் எண்ணைப் பொறித்து விற்பவர்களும் உண்டு. நிரந்தரமாக ஓட முடியாதபடி அழிந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்வது இதைத் தடுக்கவும் உதவும். தரைவிரிப்பைத் தூக்கி நடுவில் குறுக்கே வெல்டு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றித் தகட்டில் வெட்டோ, அரைத்த தடமோ, புது பெயின்ட்டோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.